லாரிக்காரர் வீட்டு கிராபிக்ஸ் கார்டு

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் இதுவரை சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசியிருக்க மாட்டேன். திமிர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்கள் முன்னால் வாய் திறக்க எனக்கு எப்போதும் கூச்சம். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, காரைக்குடியில் இந்தக் கடைக்குத் தரை கூட்ட வந்தவள். பிறகு பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்தேன். அங்கேயே தலை நரைத்தது. இப்போது சின்னத் திருகுகள் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று மேசையை உங்களிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறேன். "வாயாலதான் சொல்ல மாட்டீக, எழுதியாவது குடுங்க" என்று முதலாளி கேட்டதால் எழுதுகிறேன்.

எந்தத் திருகை எப்படிக் கழற்றுவது என்று எழுதப் போவதில்லை. அதற்கு வீடியோக்கள் இருக்கின்றன. என்னைவிட நன்றாகவே சொல்கின்றன. வீடியோவில் வராத ஒன்று உண்டு. நாம் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது என்ன பழுது என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் யாரால் பழுது என்பது முடிவாகியிருக்கும். சின்னவன் கேம் ஆடியே கெடுத்தான், மருமகள் ஈரத்துணியால் துடைத்தாள், இப்படி ஏதாவது ஒன்று. நாம் வந்து தலையாட்டினால் போதும் என்று காத்திருப்பார்கள். புதுவயலில் ஒரு வீட்டில் நானும் தலையாட்டப் பார்த்தேன்.

அரிசி ஆலைகளுக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. கருப்பையா அண்ணன் ஆலை லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் கொஞ்சம் குழறும். கையை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று டாக்டர் கொடுத்தனுப்பிய ரப்பர் பந்தை அவர் வீட்டுக்கு வந்த அன்றே கொல்லைப்பக்கம் எறிந்துவிட்டாராம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் தேவிதான் ஒரு யோசனை செய்தாள். தான் கேம் ஆட வைத்திருந்த கம்ப்யூட்டரையும், விளையாட்டுக்கென்றே விற்கும் ஸ்டியரிங்கையும் பெடலையும் கொண்டுவந்து அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்தாள். லாரி ஓட்டும் கேம். ஒற்றைக் கையால் திருப்ப வசதியாக ஸ்டியரிங்கில் ஒரு குமிழும் மாட்டிக் கொடுத்தாள். ரப்பர் பந்தை எறிந்த மனிதர் மறுநாள் முகம் மழித்து, காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு எட்டு மணிக்கே வண்டியை எடுக்க உட்கார்ந்துவிட்டார். செயலற்ற இடது கையை மடியில் போடாமல் சக்கரத்தின் மேல் எடுத்து வைத்துக்கொள்வார். நாளாக நாளாக அந்த விரல்களில் ஒரு பிடி வர ஆரம்பித்திருந்தது.

ஆனால் பழைய இயந்திரத்துக்கு அந்த கேமை இழுக்கத் தெம்பில்லை. சாலை விட்டு விட்டு ஓடும். வளைவு வரும்போது படம் நின்று, லாரி வயலுக்குள் கிடக்கும். அண்ணனுக்குத் தலை சுற்றல் வந்தது. உட்காரும் நேரம் குறைந்தது. காக்கிச் சட்டை ஆணியில் தொங்கத் தொடங்கியதும் தேவி பயந்துபோய், படத்தைத் தடங்காமல் ஓட்டித் தரும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் அதற்கு ஈடுகொடுக்கும் பவர் சப்ளையும் வாங்கி, லீவு போட்டு வந்து தானே மாட்டினாள். படம் வரவில்லை. கடைக்குப் போன் செய்தாள்.

நான் போனபோது கார்டு மேசையில் ஒரு துண்டின் மேல் கிடந்தது. அதன் ஓரத்தில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் புது லாரி வாங்கினால் பிள்ளையார்பட்டிக்குப் போகாமல் முதல் லோடு ஏற்ற மாட்டார்கள். பஞ்சவர்ணம் மதினிக்கு, அதாவது அண்ணனின் மனைவிக்கு, வீட்டுக்கு வந்தது ஒரு வண்டியின் இன்ஜின். அந்த அட்டைப் பெட்டியைப் பட்டுத்துணியில் சுற்றி பஸ்ஸில் பிள்ளையார்பட்டிக்கு எடுத்துப் போய் அர்ச்சனை செய்து, வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து பொட்டும் வைத்துவிட்டார். மகள் பார்க்கவில்லை. மாட்டி, படம் வராமல் கழற்றிப் பார்த்தபோதுதான் பார்த்தாள்.

"பாருங்க அத்த, கூத்த" என்று தேவி கார்டை என்னிடம் நீட்டினாள். "லாரிக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்கு. நல்லவேள, எலுமிச்சம்பழத்த அடியில வச்சு நசுக்கல."

"அதுக்கு டயர் வேணும்ல" என்றார் கட்டிலில் இருந்து அண்ணன்.

"நீங்க சும்மா இருங்கப்பா. சிரிக்கிற நேரமா இது?"

மதினி கதவோரம் நின்றார். "வைக்கக் கூடாதுன்னு தெரியாது தங்கச்சி. நல்லா ஓடணும்னுதான் வச்சேன். கெட்டுப்போச்சா?"

இங்கேதான் நான் சறுக்கினேன். கார்டின் அடியில் சீப்புப் பல் போலத் தங்க நிறத்தில் ஒரு வரிசை இருக்கும், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் போர்டில் போய் உட்காரும் பகுதி. சந்தனம் அந்தப் பற்களுக்குச் சற்று மேலே இருந்தது. பற்கள் சுத்தம். என் கண் அதைப் பார்த்தது. ஆனால் வீட்டில் எல்லாரும் சந்தனம் என்கிறார்கள். வைத்தவரே நான்தான் என்கிறார். ஒப்புக்கொள்ள ஒரு ஆள் கிடைத்துவிட்டால் நம் புத்தி தேடுவதை நிறுத்திவிடும். உடல் வலி குறைந்தாற்போல ஒரு நிம்மதி கூட வரும். அந்த நிம்மதி வந்தால் உஷாராகிவிடுங்கள்.

நான் உஷாராகவில்லை. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். "இனிமே வந்துரும்" என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கார்டைச் செருகித் திருகு போட்டேன்.

"தாயி, அத மறந்துட்டீக" என்று அண்ணன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மரக்கட்டையை எடுத்துக் கொடுத்தார். நல்ல வேலைப்பாடு. பெரிய கார்டுகள் கனத்தால் ஒரு முனை தொங்கும். தொங்காமல் இருக்க அடியில் முட்டுக் கொடுப்பது நாமும் செய்வதுதான். தேவி முதல் நாள் பொருத்தியபோதே கார்டு தொங்குவதைக் கட்டிலில் இருந்து பார்த்துவிட்டு, கட்டையைக் காலிடுக்கில் வைத்து ஒற்றைக் கையால் செதுக்கி, சுவிட்சைப் போடும் முன்பே அடியில் கொடுக்க வைத்திருக்கிறார். லோடு ஆடினால் தூக்கம் வராத லாரிக்காரர். வாங்கி அடியில் கொடுத்தேன். இறுக்கமாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன்.

விசிறி சுற்றியது. படம் இல்லை. மானிட்டர் ஒயரைப் போர்டிலேயே இருக்கும் பழைய இடத்தில் செருகினால் படம் வருகிறது, புதுக் கார்டில் செருகினால் இருட்டு.

மதினி உள்ளே போய்விட்டார்.

கை கழுவ அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே மதினி மெல்லிய குரலில் சொன்னார்: "வாதம் வந்த அன்னைக்குக் காலையில கை மரத்துப்போச்சுன்னு சொன்னாக தங்கச்சி. ராத்திரி கைய மடக்கிப் படுத்திருப்பீக, கொஞ்சம் சாஞ்சு எந்திரிங்கன்னு சொன்னது நாந்தான். டாக்டரு, முன்னாலயே கொண்டாந்திருக்கலாமேன்னாரு. இப்ப மறுபடி சக்கரத்தப் பிடிச்சு உக்காந்தாக. அதையும் நானே பொட்டு வச்சு அணைச்சுட்டேன்."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த வீட்டில் என்னிடம் கேட்கப்படுவது கார்டைப் பற்றி மட்டும் இல்லை என்று. நான் சும்மா "கார்டு போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தால், தேவி அதை மாற்றி வாங்கிக்கொள்வாள். மதினிக்கு அது ஆயுசுக்கும் நிற்கும்.

கார்டை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். நம் மேசையில் எப்போதும் திறந்தபடி கிடக்கும் போர்டில் செருகினேன். படம் பளிச்சென்று வந்தது. உடனே போன் செய்தேன். நீங்களும் இதைச் செய்யுங்கள். வேலை முடியட்டும், நேரில் போய் மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அங்கே ஒருவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கலாம்.

"கார்டு நல்லாருக்கு. சந்தனத்தால ஒண்ணும் ஆகலன்னு அம்மாட்டச் சொல்லு" என்றேன்.

"அப்ப என்ன அத்த?"

"தெரியல. வந்து பாக்குறேன்."

தெரியல என்று சொல்வதற்கு வெட்கப்படாதீர்கள். காலையில் தெரிந்ததுபோலச் சொன்னதற்குத்தான் நான் வெட்கப்பட வேண்டியிருந்தது.

தேவி வாங்கிய பவர் சப்ளை மேல் சந்தேகம் இருந்ததால், கடையில் இருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதை மாற்றி, கார்டைப் பொருத்தி, கட்டையை வைத்துச் சுவிட்சைப் போட்டேன். இருட்டு. மதினியின் முகத்தைப் பார்க்காமல் இருக்கக் குனிந்துகொண்டேன்.

"கடையில வருது, இங்குட்டு வல்ல" என்றார் மதினி. "எங்கிட்ட வந்தா மட்டும் வல்ல. என் கண்ணுல படாம வச்சுப் பாருங்க தங்கச்சி. நான் வேணா மில்லுப் பக்கம் போயி இருக்கேன்."

"அம்மா, லூசு மாதிரி பேசாத" என்றாள் தேவி. திட்டுகிற குரல்தான், ஆனால் கண் கலங்கியிருந்தது. சாயங்காலம் அவளுக்குக் கோயம்புத்தூர் பஸ். பை கட்டி வாசலில் இருந்தது. "திருப்பி அனுப்பிருவோம் அத்த. எனக்கும் போராடத் தெம்பில்ல."

"வித்துரு" என்றார் அண்ணன் சுவரைப் பார்த்தபடி. "எனக்கு எதுக்கு. ஓட்டுனது போதும்."

இப்படி எல்லாரும் கைவிடும் நேரத்தில் நமக்கு இரண்டு ஆசை வரும். ஒன்று, ஏதாவது ஒன்றைப் பிடித்து வேகவேகமாக மாற்றிப் பார்ப்பது. இன்னொன்று, சரி என்று சொல்லிப் பையை மூடுவது. இரண்டும் அவர்கள் பார்வையில் இருந்து தப்பிக்கத்தான். நான் பையை மூடவில்லை, தைரியத்தால் அல்ல. எழுந்து விடைபெற ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமே, அது வாயில் வரவில்லை. அதனால் உட்கார்ந்தே இருந்தேன்.

கடையில் இருந்து கொண்டுவந்த பவர் சப்ளையையாவது கழற்றி எடுத்துக்கொள்வோம் என்று கட்டையை உருவினேன். கம்ப்யூட்டர் பெட்டியான கேபினட்டைத் தரையில் படுக்க வைத்தேன். தேவியின் பவர் சப்ளையைத் திரும்ப மாட்டினேன். சும்மா ஒருமுறை சுவிட்சைப் போட்டேன். படம் வந்தது.

தேவி முட்டி போட்டுத் திரையைத் தொட்டுப் பார்த்தாள். அண்ணன் சுவரில் இருந்து தலையைத் திருப்பினார். அணைத்து, நிமிர்த்தி, கட்டையைக் கொடுத்துப் போட்டேன். இருட்டு. கட்டையை எடுத்துப் படுக்கவைத்தால் வெளிச்சம்.

"பேய் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் தேவி.

கடை மேசையில் போர்டு படுத்துக் கிடந்தது. இங்கே நிற்கிறது. வேறு என்ன வித்தியாசம்? எனக்கு அந்த இடுக்குக்குள் கண் தெரியவில்லை. கேபினட்டை நிமிர்த்தி, கட்டையை வைத்து, கதவோரம் நின்றவரிடம் டார்ச்சை நீட்டினேன்.

"மதினி, எனக்குக் கண்ணு பத்தல. இங்க வந்து பிடிச்சுப் பாருங்க. கார்டு உக்காந்திருக்கிற இடம் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கா?"

"நான் வேணாம் தங்கச்சி."

"நீங்கதான் அதப் பக்கத்துல வச்சுப் பாத்தவுக. வாங்க."

தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். விளக்கு வைக்கத் திரி திருத்துகிறவர் போல அவ்வளவு கவனமாகக் குனிந்து பார்த்தார். பிறகு டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"அங்குட்டு ஒண்ணுந் தெரியல. இங்குட்டு, இந்த மூலையில மட்டும் மஞ்சளா மினுங்குது. சந்தனம் இன்னும் இருக்கு தங்கச்சி."

"சந்தனம் இல்ல மதினி. சந்தனத்தத்தான் காலையிலயே தொடச்சாச்சு. அது கார்டோட பல்லு. உள்ள இருக்க வேண்டியது. வெளிய தெரியவே கூடாது."

அந்த முனையைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கொக்கி எப்போதோ உடைந்திருந்தது. அடியில் இருந்த கட்டை தேவைக்கு மேல் உயரம். இறுக்கிக் கொடுக்கக் கொடுக்க அது கார்டின் முனையை நெம்பித் தூக்கி, பல்லை வெளியே இழுத்திருக்கிறது. கட்டையை உருவினேன். கார்டை அழுத்தினேன். மினுங்கியது மறைந்தது. நின்ற நிலையிலேயே படம் வந்தது.

கட்டை என் கையில் இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். தேவி மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, உங்கள யாரு இத..."

அண்ணன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பக்கவாதம் வந்த பிறகு அந்த வீட்டுக்காக அவர் செய்த ஒரே பொருள் அது. காலையில் இருந்து மதினி தலையில் இருந்த பாரத்தை எடுத்து இவர் தலையில் வைக்கவா நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்? யார் பேச்சிலும் நான் குறுக்கே விழுந்ததில்லை. அன்று விழுந்தேன்.

"முட்டு வேணும் தேவி. இல்லாட்டி இந்தக் கனத்துக்குக் கார்டு தொங்கிக் கெட்டுரும். அண்ணே பாத்தது சரி. உயரம்தான் ஒரு நூலளவு கூடிப்போச்சு. கொக்கி உடஞ்சிருக்கிறது அவுகளுக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியல. காலையில இத வாங்கி அடியில குடுத்தவளும் நாந்தான்." பையில் இருந்து மரம் தேய்க்கும் உப்புத்தாளை எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். "இழைச்சுக் குடுங்கண்ணே. நான் இழைச்சா கோணலாப் போகும்."

உண்மையைத்தான் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. உண்மையில் எந்த வார்த்தை முதலில் வருகிறது என்பது நம் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். கட்டை தப்பு என்று தொடங்கியிருந்தால் மிச்சத்தை அவர் கேட்டிருக்க மாட்டார்.

அண்ணன் உப்புத்தாளைத் தொடையில் விரித்தார். அது நழுவியது. இடது கையைத் தூக்கி அதன் ஓரத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்த விரல்கள் பிடித்தன. வலது கையால் தேய்க்கத் தொடங்கினார். தேவி பஸ் நேரம் பார்ப்பதை விட்டுவிட்டுத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு முறை வைத்துப் பார்த்து, மூன்றாம் முறை கட்டை அலுங்காமல் உட்கார்ந்தது. கார்டு அசையவில்லை. படம் போகவில்லை. மூடியை மாட்டினேன்.

தேவி சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினாள். "இந்தா. மேல தகரத்துல வை. உள்ளதான் வைக்கக் கூடாது. வெளிய எங்க வேணா வச்சுக்க."

"நீயே வைடி. என் கையால வேணாம்."

"அம்மா, காலையில நான் பேசுனது..." தேவி கிண்ணத்தை நீட்டியபடியே நின்றாள்.

அண்ணன் அதற்குள் கட்டிலை விட்டு நாற்காலிக்கு மாறி, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. சாலை காலியாகக் கிடந்தது. அவர் ஆக்சிலேட்டரைத் தொடவில்லை.

"பஞ்சு" என்றார் மதினியைப் பார்த்துக் குழறலாக. "வை. வண்டி எடுக்கணும்ல."

"எடுங்களேன். நான் என்ன பிடிச்சா வச்சிருக்கேன்?"

"பொட்டு வைக்காம எந்தக் காலத்துல எடுத்திருக்கேன்?"

லாரி நின்றுகொண்டே இருந்தது. மதினி முந்தானையில் விரலைத் துடைத்தார். சந்தனத்தைத் தொட்டுக் கேபினட்டின் மேல் வைத்து, குங்குமமும் வைத்தார். வைத்துவிட்டு, எங்கே அணைந்துவிடுமோ என்று திரையைப் பார்த்தார். அணையவில்லை.

அண்ணன் வண்டியை எடுத்தார். சாலை துண்டுதுண்டாக விழாமல் வழுவழுவென்று வந்தது. மதினி அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அதன் முதுகைப் பிடித்துக்கொண்டார். முதல் வளைவு வந்தது. அண்ணன் குமிழைப் பிடித்துச் சுற்ற, இடது கை சக்கரத்தோடு சேர்ந்து போக, மதினியும் அந்தப் பக்கமாகச் சாய்ந்தார்.

"மெதுவாப் போங்க" என்றார்.